இருபத்தைந்து விழுக்காடும் ஒரு கிலோமீட்டரும்: சிற்றூர்த் தனியார் பள்ளியின் சேர்க்கைத் திட்டமிடல் குறித்து

1. கேள்வி

திண்டுக்கல் மாவட்டத்தில், பழனி வட்டாரத்துப் பேரூராட்சிகளுள் ஒன்று கீரனூர். வேளாண்மை, சிறுவணிகம், பக்கத்து நகரங்களுக்குப் போய்வரும் கூலிவேலை எனப் பிழைப்பு பல திசைகளில் பிரிந்து கிடக்கும் இத்தகைய ஊர்களில், ஆங்கில வழித் தனியார் பள்ளி இன்று வசதியானவர்களின் தனிச்சொத்தாக இல்லை. நெசவாலைத் தொழிலாளியும் காய்கறி மண்டியில் மூட்டை தூக்குபவரும்கூடக் கடன்பட்டாவது பிள்ளையை அங்கே சேர்க்கிறார்கள். ஆயினும் அப்பள்ளிகளின் நிர்வாகக் கூட்டங்களில் சேர்க்கை பற்றிய பேச்சு பெரும்பாலும் ஓர் எண்ணோடு முடிந்துவிடுகிறது: இந்த ஆண்டு எல்.கே.ஜி.யில் எத்தனை பேர்?

யார் யார் வந்தார்கள், எந்தத் தெருவிலிருந்து யாருமே வரவில்லை, வந்தவர்களில் எத்தனை பேர் பத்தாம் வகுப்புவரை நிற்பார்கள் ஆகிய கேள்விகள் அரசுக்கு அனுப்பும் படிவங்களில் மட்டும் இடம்பெறுகின்றன. சேர்க்கை எண்ணிக்கை பள்ளியின் பிழைப்பு என்றும், சமூகப் பன்மை அரசு சுமத்திய கடமை என்றும் இரண்டாகப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் வேரூன்றிவிட்டது. இக்கட்டுரை அந்தப் பிரிவினையை ஆராய்கிறது. சிற்றூர்ப் பள்ளியைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே கேள்வி என்பதும், பன்மையைச் சேர்க்கை நாளில் அளப்பதைவிட ஒன்பதாம் வகுப்பின் வாசலில் அளப்பதே சரியானது என்பதும் இங்கு முன்வைக்கப்படும் வாதங்கள்.

2. இதுவரையிலான புரிதல்கள்

விவாதத்தின் மையத்தில் இருப்பது 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம். 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த இச்சட்டத்தின் 12(1)(சி) பிரிவு, தனியார் பள்ளிகள் தம் தொடக்க நிலை வகுப்பில் குறைந்தது 25 விழுக்காடு இடங்களை அருகமைப் பகுதியின் நலிவடைந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுக் குழந்தைகளுக்கு அளித்து, எட்டாம் வகுப்புவரை கட்டணமின்றிக் கற்பிக்கவேண்டும் என்கிறது. அரசு ஒரு குழந்தைக்குச் செலவிடும் தொகை, பள்ளி வாங்கும் கட்டணம் ஆகிய இரண்டில் எது குறைவோ அதை அரசு பள்ளிக்கு ஈடாகத் தரும்.

இதைப் பற்றி மூன்று நிலைப்பாடுகள் நிலவுகின்றன. முதலாவது பள்ளி உரிமையாளர்களுடையது: தனியார் நிறுவனத்தின் தன்னாட்சியில் அரசு தலையிடுகிறது என்பது அவர்கள் வாதம். ராஜஸ்தான் தனியார் பள்ளிகள் சங்க வழக்கில் 2012 ஏப்ரல் 12 அன்று உச்ச நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் இப்பிரிவு செல்லும் என்று தீர்ப்பளித்ததோடு அந்த வாதத்தின் சட்ட வலு குறைந்தது.

இரண்டாவது, உரிமை நோக்கு. பல பின்னணிக் குழந்தைகள் ஒரே வகுப்பில் அமர்வதே குடியாட்சிக் கல்வியின் தொடக்கம் என்பது இதன் அடிப்படை. மூன்றாவது, பொதுப்பள்ளி நோக்கு. 1964–66ஆம் ஆண்டுகளின் கோத்தாரி ஆணையம் பரிந்துரைத்த அருகமைப் பொதுப்பள்ளியை நிறுவாமல், அரசுப் பள்ளிக்குச் சேரவேண்டிய பணத்தையும் பிள்ளைகளையும் தனியாரிடம் அனுப்புவதா என்று அனில் சத்கோபால் போன்ற கல்வியாளர்கள் கேட்டார்கள். அரசுப் பள்ளிகள் காலியாகின்றன என்ற கவலையையே காரணமாக்கி, அருகில் அரசுப் பள்ளி இருக்கும் இடங்களில் தனியாருக்கு விலக்களிக்கும் விதியைக் கர்நாடகம் கொண்டுவந்தது. அதை அம்மாநில உயர் நீதிமன்றம் 2019இல் ஏற்றது. 2024இல் மகாராஷ்டிரம் செய்த அதேபோன்ற திருத்தத்தைப் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்துசெய்தது.

பொதுப்பள்ளி நோக்கின் கவலை நியாயமானது. ஆனால் விலக்கு அளிப்பதால் அரசுப் பள்ளி வலுப்பெறுவதில்லை. கட்டணம் செலுத்தமுடிந்தவர்கள் அப்போதும் தனியார் பள்ளிக்கே போகிறார்கள், முடியாதவர்கள் மட்டும் தனித்துவிடப்படுகிறார்கள். இந்த மூன்று நிலைப்பாடுகளுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு: பள்ளியின் கதவுவரை வந்து மூன்றும் நின்றுவிடுகின்றன. உள்ளே நடப்பதைத் திட்டமிடவேண்டியது யார் என்ற கேள்வி அவற்றில் எழவில்லை.

3. சேரன்மாதேவி விட்டுச்சென்ற பாடம்

கதவுக்குள் நடப்பது எவ்வளவு முக்கியம் என்பதைத் தமிழகம் நூறாண்டுகளுக்கு முன்பே கண்டது. வ.வே.சு. ஐயர் 1922இல் தொடங்கிச் சேரன்மாதேவியில் நடத்திய தமிழ்க் குருகுலம் பொதுமக்களின் நன்கொடையிலும் காங்கிரசின் நிதியிலும் நடந்தது. பல சாதிப் பிள்ளைகளும் அங்கே சேர்ந்தனர். சேர்க்கையளவில் அது பன்மையான பள்ளிதான். ஆனால் இரு பிராமண மாணவர்களுக்குத் தனியே உணவு பரிமாறப்பட்டது. பெரியார், வரதராஜுலு நாயுடு ஆகியோர் எழுப்பிய கண்டனம் பெரும் கிளர்ச்சியாகி, தமிழக அரசியலின் போக்கையே மாற்றிய காரணங்களுள் ஒன்றாயிற்று.

அந்தச் சர்ச்சையில் எழுந்த கேள்வி இன்றும் பொருந்தும். பொதுப் பணம் பெறும் நிறுவனம் பிள்ளைகளை வரிசை பிரித்து நடத்தலாமா? குருகுலத்தை நடத்தியவர்களின் நாட்டுப்பற்றைக் குறைகூற யாராலும் முடியாது; கெடுத்தது உணவுப் பந்தி பற்றிய முன்யோசனையின்மை. இடம் கொடுப்பதும் சமமாக நடத்துவதும் வெவ்வேறு செயல்கள் என்பதையும், இரண்டாவதற்குத் தனியாகத் திட்டம் வேண்டும் என்பதையும் சேரன்மாதேவி காட்டியது.

திண்டுக்கல் சமவெளியிலேயே இதற்கு மாற்றான முயற்சி ஒன்றும் உண்டு. டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் சின்னாளபட்டி அருகே நிறுவிய காந்திகிராமம், ஆதாரக் கல்வியை முதன்மையாகக் கொண்டது. கைத்தொழில், துப்புரவு, சமையல் ஆகிய வேலைகளைக் கல்வியின் பகுதியாக்குவது ஆதாரக் கல்வியின் சாரம். எல்லாப் பிள்ளைகளும் எல்லா வேலையையும் செய்யும் இடத்தில் சாதிக்கென்று ஒதுக்கப்பட்ட வேலை தன் பிடியை இழக்கிறது. இங்கே பன்மை அன்றாட நடைமுறைக்குள்ளேயே வைக்கப்பட்டிருக்கிறது.

4. யார் வருகிறார்கள்? சட்டத்தின் வலையும் அதன் கண்களும்

தமிழகத்தில் 25 விழுக்காட்டு இடங்களுக்குத் தகுதி இரு வழிகளில் வருகிறது. ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குக் குறைவான குடும்பங்களின் குழந்தைகள் நலிவடைந்த பிரிவினர். பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோரின் குழந்தைகள் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினர். ஆதரவற்றோர், எச்.ஐ.வி. தொற்றுக்கு உள்ளானோர், மூன்றாம் பாலினத்தவர், துப்புரவுத் தொழிலாளர்களின் குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு முன்னுரிமை உண்டு. விண்ணப்பங்கள் இடங்களைவிட மிகுந்தால் குலுக்கல் நடக்கும்.

வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுக்கு வருமான வரம்பு இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும். தமிழக மக்களில் மிகப் பெரும்பான்மையோர் பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட, பட்டியல் வகுப்பினரே. ஆகவே கீரனூர் போன்ற ஊரில் நிலமும் கடையும் உள்ள குடும்பமும், அந்த நிலத்தில் கூலிக்குப் போகும் குடும்பமும் ஒரே குலுக்கலில் நிற்கலாம். இணையவழி விண்ணப்பம், சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று ஆகியவற்றை உரிய நாளுக்குள் திரட்ட முடிந்தவர் பெரும்பாலும் முதல் குடும்பத்தாரே. ஆக, சட்டப்படி 25 விழுக்காடு முழுவதும் நிரம்பிய பள்ளியில், ஊரின் மிக ஏழைத் தெருவிலிருந்து ஒரு குழந்தைகூட இல்லாமற்போவது சாத்தியமே. விதி மீறப்படாமலேயே நோக்கம் தவறிவிடுகிறது.

அடுத்தது, பள்ளியின் அருகமைப் பகுதியை வரையறுக்கும் ஒரு கிலோமீட்டர் என்ற தூரம். நகரத்தில் இந்த வட்டத்துக்குள் பல வகைக் குடியிருப்புகள் அடங்கும். சிற்றூரில் தனியார் பள்ளிகள் பலவும் விலை மலிவான நிலம் தேடி ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையோரம் எழுந்தவை. அங்கிருந்து வரையப்படும் வட்டத்தில் தோப்பும் வயலும் மிகுதி, வீடுகள் குறைவு. தலித் மக்களின் குடியிருப்புகள் ஊரிலிருந்து விலகி அமைந்திருப்பது தமிழ்க் கிராம அமைப்பின் நெடுங்கால அநீதி. பள்ளி ஊரின் ஒரு கோடியிலும் காலனி மறுகோடியிலும் இருந்தால், அந்த அநீதியைத் தூர விதி இன்னும் ஒருமுறை உறுதிப்படுத்துகிறது. நிலம் வாங்கிய அன்றே பள்ளியின் மாணவர் பன்மையில் ஒரு பங்கு தீர்மானமாகிவிடுகிறது என்பதைத் திட்டமிடுவோர் உணரவேண்டும்.

மூன்றாவது, சிறுபான்மைப் பள்ளிகளுக்கான விலக்கு. பிரமாதி வழக்கில் 2014 மே 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, சிறுபான்மையினரின் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்றது. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, நாட்டின் சிறுபான்மைப் பள்ளிகளில் பயில்வோரில் 62.5 விழுக்காட்டினர் சிறுபான்மையினர் அல்லர். சமூகப் பொருளாதார நிலையில் பின்தங்கியோர் 8.76 விழுக்காடே. 2025 செப்டம்பரில் இருவர் அமர்வு ஒன்று பிரமாதி தீர்ப்பை மறுபரிசீலனை செய்யவேண்டும் எனப் பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பியது.

சிறுபான்மையினர் தம் நிறுவனங்களை நடத்தும் உரிமை காக்கப்படவேண்டியதே. ஆனால் ஒரு சமூகம் என்பது உள்ளே ஒரே நிலையினரைக் கொண்டதன்று. கீரனூரில் பிறந்த எழுத்தாளர் கீரனூர் ஜாகிர்ராஜாவின் ‘மீன்காரத் தெரு’, முஸ்லிம் சமூகத்துக்குள்ளேயே நிலவும் ஏற்றத்தாழ்வைப் பேசும் நாவல். மீன் விற்பவரின் குழந்தையும் வணிகரின் குழந்தையும் ஒரே பள்ளியில் படிக்கவேண்டும் என்பது அந்தச் சமூகத்தின் சொந்த நலன் சார்ந்த கேள்வியும் ஆகும். பட்டியல் சாதியினருக்குள் அருந்ததியர் மேலும் பின்தங்கியிருப்பதை உணர்ந்துதான் தமிழகம் 2009இல் 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு தந்தது. அதே நுண்பார்வை பள்ளிச் சேர்க்கைக்கும் தேவை.

5. எண்ணிக்கையின் நெருக்கடி

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். தமிழகத்தில் பிறப்பு விகிதம் சரிந்துவருகிறது. மாதிரிப் பதிவு முறையின் 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி மொத்தக் கருவள விகிதம் 1.4. பள்ளி வயதை எட்டும் குழந்தைகள் ஆண்டுதோறும் குறைவார்கள் என்பதே இதன் பொருள்.

பெற்றோரின் தேர்வும் நிலையாக இல்லை. நாட்டின் ஊரகப் பகுதிகளில் 6–14 வயதினரில் அரசுப் பள்ளியில் படிப்போர், ஏசர் ஆய்வுகளின்படி 2018இல் 65.6 விழுக்காடு, பெருந்தொற்றுக்குப் பின் 2022இல் 72.9, 2024இல் மீண்டும் 66.8. வருமானம் அடிவாங்கும்போது அரசுப் பள்ளிக்கும், தேறும்போது தனியார் பள்ளிக்கும் குடும்பங்கள் நகர்கின்றன. தமிழகத்தில் அரசுப் பள்ளியின் ஈர்ப்பும் கூடியிருக்கிறது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020 முதல் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு, 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம், அதே ஆண்டின் புதுமைப்பெண் திட்டம் ஆகியவை ஏழைப் பெற்றோரின் கணக்கை மாற்றியிருக்கின்றன. அரசுப் பள்ளிகளுக்கு இது நல்ல செய்தி, வரவேற்கவேண்டியது.

இந்தச் சூழலில் 25 விழுக்காட்டு இடங்களின் பொருள் என்ன? ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எல்.கே.ஜி.யில் 60 இடங்கள் உள்ள பள்ளியில் ஆண்டுக்கு 15 குழந்தைகள் இவ்வழியில் சேர்வர். எல்.கே.ஜி. முதல் எட்டாம் வகுப்புவரை பத்து வகுப்புகள். யாரும் இடையில் விலகாவிட்டால், பத்தாம் ஆண்டில் 600 பேரில் 150 பேர் இவர்கள். பெருநகரத்துப் பெரும் பள்ளிக்கு அரசு தரும் தொகை அதன் கட்டணத்தைவிட மிகக் குறைவு. கட்டணம் குறைந்த சிற்றூர்ப் பள்ளிக்கு அந்த இடைவெளி சிறிது. குழந்தைகள் குறையும் ஊரில் ஆண்டுக்கு 15 பேர் உறுதியாக வருவது அதற்குப் பலமே.

அப்பள்ளியை வருத்துவது தொகையின் அளவைவிட அது வந்துசேரும் காலம். ஈட்டுத்தொகை இரண்டு ஆண்டு தாமதமானால் 300 குழந்தைகளின் ஓராண்டுக் கட்டணத்துக்குச் சமமான தொகை நிலுவையில் நிற்கும். ஆசிரியர் சம்பளமோ மாதந்தோறும் தரவேண்டியது. அந்தச் சுமை கடைசியில் ஆசிரியரின் சம்பளக் குறைப்பாகவோ, இலவச இடத்தில் சேர்ந்த குழந்தையின் பெற்றோரிடம் வேறு பெயரில் கேட்கப்படும் பணமாகவோ இறங்குகிறது.

2025 இதற்குக் கசப்பான சான்று. தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டிய ஒப்பந்தத்தைத் தமிழக அரசு ஏற்காததால், ஒன்றிய அரசு ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்ட நிதியை நிறுத்திவைத்தது. 2025–26ஆம் ஆண்டுக்கான 25 விழுக்காட்டுச் சேர்க்கை உரிய பருவத்தில் தொடங்கவில்லை. கல்வி உரிமைச் சட்டத்துக்கான நிதியைக் கொள்கை ஏற்போடு இணைக்கத் தேவையில்லை என்றும், ஒன்றிய நிதி வராததைக் காட்டி மாநில அரசு தன் கடமையைத் தட்டிக்கழிக்க முடியாது என்றும் சென்னை உயர் நீதிமன்றம் ஜூன் மாதம் தெரிவித்தது. நிதியின் ஒரு பகுதி விடுவிக்கப்பட்டு அக்டோபரில் நடைமுறை தொடங்கியபோது, பள்ளிகளில் ஏற்கெனவே சேர்ந்திருந்த குழந்தைகளிலிருந்தே தகுதியுடையோர் தெரிந்தெடுக்கப்பட்டனர். ஜூன் மாதத்தில் கட்டணம் கட்ட முடிந்த குடும்பத்தின் பிள்ளைதான் அக்டோபரில் இலவச இடம் பெற முடிந்தது. கட்ட முடியாத குடும்பத்துக்காகவே இயற்றப்பட்ட சட்டம், அந்த ஆண்டு அக்குடும்பத்தைத் தொடவில்லை. இரண்டு அரசுகளும் இதற்குப் பொறுப்பேற்கவேண்டும்.

6. வகுப்பறைக்குள்: சான்றுகள் சொல்வது

ஏழைப் பிள்ளைகள் வந்தால் தரம் குறையும் என்பது கட்டணம் செலுத்தும் பெற்றோரிடம் பரவலாக உள்ள அச்சம். தில்லியின் உயர்மட்டத் தனியார் பள்ளிகளில் பொருளியலாளர் கௌதம் ராவ் நடத்திய ஆய்வு 2019இல் ‘அமெரிக்கன் எகனாமிக் ரிவியூ’ இதழில் வெளிவந்தது. ஏழை வகுப்புத் தோழர்களைப் பெற்ற வசதியான மாணவர்கள் கூடுதல் ஈகைக் குணம் கொண்டோராகவும், ஏழைகளை ஒதுக்கும் மனப்போக்கு குறைந்தோராகவும் இருந்தனர். ஆங்கில மதிப்பெண்ணில் சிறு சரிவு தென்பட்டது. இந்தியிலும் கணிதத்திலும் பாதிப்பு தெரியவில்லை. ஒன்றாகப் படிப்பதும் ஒரே குழுவில் வேலை செய்வதும் இம்மாற்றத்துக்குக் காரணமாக இருப்பதையும் அவ்வாய்வு காட்டியது.

இம்முடிவைக் கீரனூருக்கு அப்படியே பொருத்த முடியாது. தில்லியில் இருபுறத்துக்கும் இடையே பெரும் செல்வ இடைவெளி. இங்கே இடைவெளி வருமானத்தில் சிறிது, சாதியில் பெரிது. தில்லிப் பிள்ளைகள் ஒருவர் வீட்டை மற்றவர் அறியார். இங்கே எந்தப் பிள்ளை எந்தத் தெரு என்பது எல்லாருக்கும் தெரியும். ஆகவே வகுப்பறைக் கலப்பு தானாக நிகழும் என்று நம்பியிருப்பது இங்கே இன்னும் ஆபத்தானது. இலவச இடத்துக் குழந்தைகளைத் தனிப் பிரிவில் வைக்கக்கூடாது, பாடநூல், சீருடை, நூலகம், விளையாட்டு எதிலும் பாகுபாடு கூடாது என்று ஒன்றிய அரசின் 2010ஆம் ஆண்டு மாதிரி விதிகள் சொல்கின்றன. எந்தப் பிள்ளை யார் அருகில் அமர்கிறது, ஆண்டுவிழாவில் யாருக்கு எந்த வேடம், சுற்றுலாவுக்கு யார் பெயர் கொடுக்கவில்லை என்பவற்றை விதிகள் எட்ட முடியாது. ஆசிரியர்தான் எட்டவேண்டும்.

மறைமுகச் செலவு இன்னொரு தடை. வேன் கட்டணம், சீருடை, நோட்டுப் புத்தகம், காலணி ஆகியவை கற்பிப்புக் கட்டணத்துக்கு வெளியே நிற்கின்றன. சீருடைக்கும் பாடப் பொருள்களுக்குமான செலவையும் மாநில அரசே ஏற்கவேண்டும் என்று 2023இல் சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி தீர்ப்பளித்தது இந்தச் சிக்கலின் ஆழத்தைக் காட்டுகிறது.

எல்லாவற்றையும்விடப் பெரிய தடை ஒன்பதாம் வகுப்பு. சட்டத்தின் காப்பு எட்டாம் வகுப்போடு முடிகிறது. பத்து ஆண்டுகள் அப்பள்ளியில் வளர்ந்த குழந்தை, திடீரென முழுக் கட்டணம் செலுத்தவேண்டும். இல்லையேல் நண்பர்களையும் பயிற்றுமொழியையும் விட்டு வேறு பள்ளி தேடவேண்டும். மருத்துவப் படிப்புக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டுச் சட்டம், கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் எட்டாம் வகுப்புவரை தனியார் பள்ளியில் படித்துப் பின் அரசுப் பள்ளிக்கு வந்தவர்களையும் தகுதியுடையோராக ஏற்கிறது. அது நியாயமான சலுகை. அதேவேளை, இப்பிள்ளைகள் வெளியேறுவார்கள் என்பதைச் சட்டமே முன்கூட்டி எதிர்பார்க்கிறது என்பதற்கும் அதுவே சான்று. தேர்வுக்கு முந்தைய பருவத்தில் நிகழும் இந்த இடப்பெயர்வு எந்தச் சேர்க்கைப் புள்ளிவிவரத்திலும் முகம் காட்டுவதில்லை.

7. திட்டம் எவ்வாறு அமையவேண்டும்

மேற்கண்ட ஆய்விலிருந்து சிற்றூர்ப் பள்ளி ஒன்றின் பத்தாண்டுத் திட்டத்துக்கு ஐந்து கூறுகள் கிடைக்கின்றன.

முதலாவது, தெருவாரியான கணக்கு. அங்கன்வாடிப் பணியாளர்களுக்கு ஊரின் மூன்று வயதுக் குழந்தைகளைத் தெரியும். அவர்கள் துணையோடு எந்தத் தெருவிலிருந்து யாரும் வருவதில்லை என்பதைப் பள்ளி கண்டறியவேண்டும். விண்ணப்பப் பருவத்துக்கு முன்பே ஆசிரியர்கள் அங்கே சென்று, சான்றிதழ்கள் பெறவும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கவும் உதவவேண்டும். குலுக்கலின் நேர்மையைக் குலைக்காமல், குலுக்கலுக்கு வருவோரின் வட்டத்தை இப்படி விரிக்கலாம்.

இரண்டாவது, நிதிக் காப்பு. ஈட்டுத்தொகை தாமதமாகும் என்பதை விதிவிலக்காகக் கருதாமல் வழக்கமாகக் கொண்டு, ஓராண்டுத் தொகைக்கு ஈடான வைப்பு நிதியைப் படிப்படியாகச் சேர்க்கவேண்டும். அரசுப் பணம் வந்ததும் திருப்பித் தருகிறோம் என்று ஏழைப் பெற்றோரிடம் முன்பணம் வாங்குவது எந்நிலையிலும் கூடாது.

மூன்றாவது, மொத்தச் செலவின் வெளிப்படைத்தன்மை. வேன், சீருடை உட்பட ஆண்டுக்கு எவ்வளவு ஆகும் என்பதைச் சேர்க்கை நாளிலேயே எல்லாப் பெற்றோருக்கும் எழுத்தில் தரவேண்டும். இலவச இடத்துக் குழந்தைக்கு இவற்றில் எதைப் பள்ளி ஏற்கும் என்பதும் அதில் இருக்கவேண்டும்.

நான்காவது, கலந்து பழகும் ஒழுங்கு. இருக்கை மாற்றம், குழுவேலை, மதிய உணவு, வேலைப் பங்கீடு ஆகியவற்றில் எந்தப் பிள்ளையும் அடையாளம் காணப்படாதபடி ஒழுங்கு வகுக்கவேண்டும். தொடக்க வகுப்புகளில் தமிழ் வழியாக ஆங்கிலத்துக்குக் கூட்டிச்செல்வது, வீட்டில் ஆங்கிலம் கேட்காத குழந்தைகள் அனைவருக்கும் பயன்படும். கட்டணம் செலுத்துவோரின் பிள்ளைகளில் பெரும்பாலோரும் அத்தகையோரே.

ஐந்தாவது, ஒன்பதாம் வகுப்புக்கான ஏற்பாடு. ஏழாம் வகுப்பிலேயே பெற்றோரோடு பேசி, முன்னாள் மாணவர்கள், ஊர்ப் பெரியவர்கள் ஆகியோரின் உதவியோடு கட்டணச் சலுகை நிதி ஒன்றை உருவாக்கலாம். ஒவ்வோர் ஆண்டும் இலவச இடத்தில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் ஐந்து, எட்டு, பத்தாம் வகுப்புகளில் எஞ்சியிருக்கிறார்கள் என்ற பட்டியலைப் பள்ளி வெளியிடவேண்டும். அந்த ஒரு பட்டியல் பள்ளியின் தரத்தை நூறு விளம்பரப் பலகைகளைவிட நேர்மையாகச் சொல்லும்.

8. முடிவு

பள்ளி தன்னளவில் செய்யக்கூடியவற்றுக்கு எல்லை உண்டு. ஈட்டுத்தொகையைக் கல்வியாண்டுக்குள் வழங்குவது, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுக்குள் வருமானம் குறைந்தோருக்கு முன்னுரிமை அளிப்பது, இலவசக் கல்வியைப் பன்னிரண்டாம் வகுப்புவரை நீட்டிப்பது ஆகிய மூன்றும் அரசின் பொறுப்பு. ஊரின் அரசுப் பள்ளியை வலுவாக வைத்திருப்பது இவை மூன்றுக்கும் மேலான பொறுப்பு. தனியார் பள்ளியில் 25 விழுக்காட்டு இடம் அதற்கு மாற்றாகாது.

ஆயினும் தனியார் பள்ளி தன் பங்கை அரசின் தாமதத்தின் பின்னால் மறைக்க முடியாது. குழந்தைகள் குறைந்துவரும் ஊரில், எல்லாத் தெருவின் நம்பிக்கையையும் பெற்ற பள்ளிக்கே எதிர்காலம் உண்டு. ஆகவே கீரனூரிலும் அதுபோன்ற ஊர்களிலும் பள்ளி நடத்துவோர், அடுத்த சேர்க்கைக் கூட்டத்தில் எல்.கே.ஜி.யின் எண்ணிக்கையைக் கேட்பதற்கு முன் ஒன்பதாம் வகுப்பின் வருகைப் பதிவேட்டை எடுத்துவரச் சொல்லட்டும். எட்டாம் வகுப்போடு மறைந்த பெயர்களை எண்ணி, அப்பெயர்களைத் தக்கவைக்கும் வழியிலிருந்து தங்கள் திட்டத்தை எழுதத் தொடங்கட்டும்.